காசு குடுத்தாத்தான் கீரையாலே?

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தச் செல்போனைச் சட்டைப் பையில போடு. ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. உன் அடுப்படி சன்னல்ல வெள்ளைப் பீங்கான் சட்டியில என்னமோ நட்டிருக்கியே, அது என்னது? மின்ட்டா? அடப் பாவி, புதினான்னு சொன்னா வாய் வலிக்குமா? காய்கறிக் கடையில கறிவேப்பிலை, மல்லித்தழையோட கொசுறாப் போட்டுக் குடுக்குற கொத்துல்லா அது! கேட்டாலும் குடுப்பாங்க, கேக்காட்டாலும் குடுப்பாங்க. அதுக்குப் போயி ஆன்லைன்ல வெதை வாங்கி, தென்னை நார்த்தூள் வாங்கி, செடிக்குன்னு தனியா ஒரு வெளக்கும் வாங்கி மாட்டிட்டு, மொளைக்கலையேன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?

புதினாவுக்கு வெதை எதுக்குலே? எலையை ஆய்ஞ்ச பெறகு மிஞ்சுற தண்டை ஈர மண்ணுல குத்தி வையி. கணுவுக்குக் கணு வேர் விடும். மண்ணுக்கு அடியிலயே ஓடிப்போயி பக்கத்து வீட்டுச் சட்டி வரைக்கும் எட்டிப் பாக்கும். பெப்பர்மின்ட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது ரெண்டு வேற புதினா கூடிப் பொறந்த கலப்புச் செடி. பூக்கும், மொளைக்கிற வெதை அனேகமா வராது. அதுக்கும் பொட்டலம் போட்டு வெதைன்னு ஒருத்தன் விக்கான்னா, அவன் பிழைக்கத் தெரிஞ்சவன். காசு குடுத்து வாங்குறவனுக்கு என்ன பேருன்னு நான் வேற சொல்லணுமா?

புதினா மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் கெடையாது. அது அசலூர்ல இருந்து வந்த பிள்ளை. வந்தவனை வா வான்னு பிரியாணியிலயும் தொக்குலயும் உக்கார வச்சோம். வடக்க உத்தரப் பிரதேசத்துல, பாராபங்கிப் பக்கம் ஒரு வகைப் புதினாவை வயல் வயலாப் போடுதான். தழையை ஆவியில வடிச்சு எண்ணெய் எடுக்கான். அதுல இருந்துதான் மென்தால். நீ நெத்தியில தடவுற தைலம், வாயில போடுற இருமல் மிட்டாய், பல்லு வெளக்குற பேஸ்ட்டு, எல்லாத்துலயும் சில்லுன்னு இருக்குறது அந்தச் சரக்குதான். பிழைப்புக்குப் பயிர் வச்சவனைக் கேலி பண்ண மாட்டேன். கேலி எல்லாம் உனக்குத்தான்.

ஏன்னு கேக்கியா? அந்தப் புதினாக் குடும்பத்துலயே பொறந்த ஒண்ணு, உன் வீட்டு வாசப்படிக்கு வெளிய, ஓடை ஓரத்துல, புஞ்சை வரப்புல, கோயில் மதிலுக்குப் பின்னால, யாரும் நடாம யாரும் தண்ணி ஊத்தாம நிக்கி. நீ அதைச் செருப்புக்கால்ல மிதிச்சுக்கிட்டுப் போயி, கடையில மின்ட்டு வாங்கிட்டு வார. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுதவனை எத்தனையோ பேரைப் பாத்தாச்சு. வெண்ணெயையே மிதிச்சுட்டுப் போறவன் உன் காலத்துலதான் வந்திருக்கான்.

தும்பையைத்தாம்லே சொல்லுதேன். தும்பை!

நம்ப மாட்டியே? படிச்ச பிள்ளை, ஆதாரம் கேப்ப. சரி, ஒரு தும்பைச் செடியைப் பறி. தண்டை ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாரு. உருளாது. நாலு மூலை தட்டுப்படும். பெறகு புதினாத் தண்டை உருட்டு. அதுவும் சதுரம். துளசியை உருட்டு. அதுவும் சதுரம். எலை எப்படி வருதுன்னு பாரு. எதிரெதிரா ஒரு சோடி வடக்கு தெக்கு பாத்தா, மேல உள்ள சோடி கெழக்கு மேக்கு பாக்கும். பூவுக்கு மேல் உதடு ஒண்ணு, கீழ் உதடு ஒண்ணு. பூ உதிர்ந்த பெறகு உள்ள பாத்தா நாலு வெதை. இம்புட்டும் ஒரே குடும்பத்து அடையாளம். செடி நூல் படிச்சவங்க இந்தக் குடும்பத்தை லேமியேசின்னு எழுதுவாங்க, தும்பையை லூக்கஸ் ஆஸ்பெரான்னு எழுதுவாங்க. பேரை மறந்தாலும் பரவாயில்ல, வெரல் மறக்காது.

அந்தக் குடும்பம் எம்புட்டுப் பெருசு தெரியுமா? உன் வீட்டுக்குள்ளயே பாதிப் பேரு குடியிருக்கான். பீட்சா கூட வருதே ஒரு காய்ஞ்ச தூளு, ஆரிகனோ. தின்னது போக மிச்சப் பொட்டலத்தைப் பிரிட்ஜு கதவுல சேத்து வச்சிருக்கியே, அவன் இந்தக் குடும்பம். முடி வளரணும்னு தலையில தெளிக்கியே ரோஸ்மேரித் தண்ணி, அவனும் இந்தக் குடும்பம். முடி வளந்துச்சா? சரி, அதைக் கேக்கல. காலையில வெறும் வயித்துல ஊற வச்சுக் குடிக்கியே சியா, மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, அவனும் இதே வீட்டுக்காரன்தான். நம்ம சர்பத்துக் கடையில வழவழன்னு மெதக்குமே சப்ஜா, அது திருநீத்துப்பச்சை வெதை. அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். சப்ஜா வெதையைச் சர்பத்துல போட்டா 'ஐய, பழைய காலம்'னு சொல்லுவ. சியாவைக் கண்ணாடிப் புட்டியில போட்டா படம் பிடிச்சு அனுப்புவ. உள்ளூர்ச் சந்தையில உள்ளூர் மாடு வெலை போகாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இப்ப தும்பை வளருற கதையைக் கேளு. ரொம்பச் சின்னக் கதை. கரிசக்காட்டுல ஆவணி, புரட்டாசி வரைக்கும் புழுதிதான் பறக்கும். ஐப்பசியில ஒரு உழவு மழை பெஞ்சாப் போதும். போன வருசம் கொட்டிக் கெடந்த வெதை எல்லாம் மொளைச்சு வந்துரும். ஒரு சாண் இருக்கும். மண்ணும் ஈரமும் நல்லா வாய்ச்சா ரெண்டடியும் போகும். கார்த்திகை, மார்கழியில பூக்கும். கணுவச் சுத்தி உருண்டையாப் பச்சைக் கிண்ணம் கட்டி, அதுக்குள்ள இருந்து வெள்ளைப் பூ ஒண்ணொண்ணா எட்டிப் பாக்கும். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் காலையிலயே வந்துரும். சின்னப் பிள்ளைகளும் வரும். பூவ மெதுவா உருவி அடிக்குழாயை உறிஞ்சினா ஒரு சொட்டு இனிப்பு. அந்த ருசிக்கு எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் பாட்டில் கண்டுபிடிக்கல. கோடை வந்தா செடி காயும், வெதை கொட்டும், கதை முடிஞ்சது. உரம் இல்ல, மருந்து இல்ல, வெளக்கு இல்ல. அதை வளக்க ஒரு ஆப்பும் தேவையில்ல.

வளக்கத்தான் வேணும்னு அடம் பிடிச்சா, சரி, உன் ஆசையையும் கெடுப்பானேன். காய்ஞ்ச பூங்கொத்து நாலை எடுத்து, நல்ல வெயில் விழுற சட்டியில கசக்கித் தூவு. மேல பேருக்குக் கொஞ்சம் மண்ணு. மழை பாத்துக்கிடும். தெனமும் தண்ணி ஊத்தி, தெனமும் தோண்டிப் பாத்து, 'வந்துட்டியா கண்ணு'ன்னு விசாரிக்காத. பாசம் தாங்காமச் செத்துரும்.

இதுக்குள்ள ஒரு பெருமையும் இருக்கு, சொல்லுதேன். வேட்டி வெள்ளையா இருந்தா தும்பைப்பூ மாதிரின்னு சொல்லுதோம். சோறு பொலபொலன்னு வெந்தாலும் அதே பேச்சுதான். அது வீட்டுப் பேச்சு. நாட்டுப் பேச்சுல இதுக்கு இன்னும் பெரிய எடம். பழந்தமிழ் ராசாக்கமாரு ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு பூ வச்சிருந்தான். மாடு பிடிக்கப் போனா வெட்சி. அடுத்தவன் நாட்டு மேல படையெடுத்தா வஞ்சி. கோட்டையை வளைச்சா உழிஞை. ரெண்டு படையும் நேருக்கு நேர் நின்னு, நீயா நானா பாத்துருவோம்னு மோதுனா, அந்தப் போருக்குச் சூடுற பூ தும்பை. தொல்காப்பியத்துல அதுக்குன்னு ஒரு திணையே இருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்குன பூ வரிசையிலயும் தும்பை இருக்கு. நெனைச்சுப் பாரு. எலும்பு நொறுங்குற சண்டைக்குப் போற மீசைக்காரன், தலையில இத்துனூண்டு வெள்ளைப் பூவைச் சூடிக்கிட்டுப் போயிருக்கான். நீ சட்டையில பூப் படம் இருந்தா 'ஆம்பிளைக்கு இது சரி வருமா'ன்னு கண்ணாடி முன்னால நிக்க!

சாமிக்கும் இது பிடிக்கும். சிவன் கோயிலுக்கு எருக்கும் தும்பையும் பறிச்சுட்டுப் போவாங்க. மலையாளத்துல ஓணப் பூக்களத்துக்குத் தும்பைப்பூ வேணும். இம்புட்டுப் பெருமை உள்ளதுக்கு நம்ம வெவசாயத்துல என்ன பேரு? களை! களைன்னா என்னலே? நாம நடாததுக்கு நாம வச்ச பேரு. முன்னால களை எடுக்கப் போற பொம்பளையாளுக, பிடுங்குனதுல பாதியை மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, அதுக்கு நடுவுல நாலு தும்பைக் கொழுந்து. அன்னைக்குக் களைதான் ராத்திரிக் குழம்பு. இன்னைக்கு என்ன செய்யுதோம்? களைக்கொல்லி அடிச்சுக் கீரையைக் கொல்லுதோம். பெறகு பட்டணத்துக்கு வந்து, பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்ச கீரையை வெலைக்கு வாங்குதோம். கணக்குல புலி நீ. இதுல லாபம் யாருக்குன்னு நீயே போட்டுப் பாரு.

சரி, வாய் ஊறுதா? சமையலுக்கு வாரேன்.

மொதல்ல பறிக்கிற சூட்சுமம். முத்துன எலையைத் தொடாத. சுணை அதிகம், கசப்பும் அதிகம். பூ முழுசா அடைச்சுக்கிறதுக்கு முந்தி, நுனியில உள்ள நாலு கொழுந்தைக் கிள்ளு. சுணையில தூசி ஒட்டிக்கிடும். அதனால உப்புத் தண்ணியில போட்டு அலசு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசு. ரோட்டோரத்துல பறிக்காத. வண்டிப் புகையும் நாய் மூத்திரமும் எந்தச் சமையக் குறிப்புலயும் கெடையாது. களைக்கொல்லி அடிச்ச வயல் வரப்புலயும் பறிக்காத. அடிச்சானா இல்லியான்னு தெரியலைன்னா, காட்டுக்காரனைக் கேளு. கேக்க வெக்கமா இருந்தா பட்டினி கெட.

துவையல் சொல்லுதேன். ஒரு கைப்பிடி கொழுந்து போதும். நல்லெண்ணெயில உளுந்தைச் செவக்க வறு. நாலு வத்தல், நாலு பல்லு பூண்டு போடு. அதுலயே கொழுந்தைப் போட்டுச் சுருள வதக்கு. பச்சை வாடை போற வரைக்கும் வதக்கணும். இங்கதான் அவசரக்காரன் கெட்டுப் போவான். பெறகு நெல்லிக்காயளவு புளி, ரெண்டு சில்லு தேங்காய், கல்லுப்பு. அம்மி இருந்தா அம்மி, இல்லைன்னா மிக்ஸி. மையா அரைக்காத, கொரகொரன்னு எடு. சுடு சோத்துல போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பெசஞ்சு சாப்பிடு. மொதல் வாய் கசக்கும். ரெண்டாவது வாய் உறைக்கும். மூணாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் சோறு கேப்ப.

முகத்தைச் சுளிக்காத. நீ ரொட்டியில தடவித் திங்கியே பெஸ்டோ, அது மட்டும் என்னலே? நம்ம திருநீத்துப்பச்சையோட இத்தாலிக்காரச் சொந்தம். அந்த எலையை எண்ணெய், பூண்டு, கொட்டைப் பருப்பு, பாலாடைக்கட்டியோட இடிச்சா பெஸ்டோ. அங்கயும் ஒரு கெழவி கல்லுலதான் இடிச்சிருப்பா. அதுக்குப் பேரு துவையல். ஓட்டல்காரன் துவையல்னு எழுதியிருந்தா நீ அந்த வெலை குடுத்திருப்பியா?

ரசத்துக்கு இன்னும் சுளுவு. மிளகு சீரக ரசம் நுரை கட்டி வரட்டும். கொழுந்தும் பூவும் ஒரு கிள்ளு எடுத்து நெய்யில வதக்கி, மேல போட்டு மூடி எறக்கு. போட்ட பெறகு கொதிக்க விடாத. கொதிச்சா கசப்பு எறங்கிரும், மணம் ஏறிப் போயிரும். மழைக்காலத்துச் சளி மூக்கோட ஒரு டம்ளர் குடிச்சுப் பாரு. மூக்கு தெறக்கும். மிளகு தெறந்துச்சா தும்பை தெறந்துச்சான்னு ஆராய்ச்சி பண்ணாத. குடி.

தனியாப் பொரிக்கக் கசப்புன்னு பயந்தா கலவைக்கீரையில சேரு. மத்த கீரை பத்துப் பங்குன்னா தும்பை ஒரு பங்கு. மத்தால கடைஞ்சு, பூண்டு தட்டிப் போட்டுத் தாளி. பருப்போடயும் சேரும். தெலுங்கானாவுல பிள்ளையார் சதுர்த்தி அன்னைக்குத் தும்பைக் கீரையைப் பருப்போட ஆக்கிச் சாப்பிடுறது வழக்கம். தும்மி கூரன்னு சொல்லுவாங்க. பிள்ளையாருக்கு நாம கொழுக்கட்டை குடுத்து நாமளே தின்னுட்டு, வயித்தைத் தடவிக்கிட்டுக் கெடக்கோம். அவங்க கூடவே ஒரு கசப்பும் தின்னு வயித்தைச் சரி பண்ணிக்கிடுதாங்க. யாரு கெட்டிக்காரன்? இலங்கையில இதோட உடன்பொறப்பு ஒண்ணு இருக்கு, முடிதும்பைம்பாங்க. அந்த எலையைப் பொடியா அரிஞ்சு தேங்காய்ப்பூவோட சுண்டி மல்லுங் ஆக்குவாங்க. அவங்களுக்கும் வாய் இருக்கு, நாக்கு இருக்கு. ஒருத்தரும் செத்துப் போகல.

இப்ப உனக்கு ஒரு ஆபத்து சொல்லணும். உன் கையில உள்ள சனியனைத்தான் சொல்லுதேன், அந்தச் செல்போனை. நான் சொன்னதைக் கேட்டுட்டு நீ அதுல தும்பைன்னு தேடுவ. தேடினா என்ன வரும்? 'சித்தர்கள் மறைத்த ரகசியம்', 'நாற்பது நோய்க்கு ஒரே இலை', 'நாசா விஞ்ஞானிகள் அதிர்ச்சி'. நாசாக்காரனுக்கு வேற வேலை இல்லியா? தும்பைக்குச் சித்தப்பன் மகன் பேய்மிரட்டி. அந்தப் பச்சை எலையைத் திரியாத் திரிச்சு எண்ணெயில போட்டா எரியும். அதுல ஒரு வேடிக்கை இருக்கு, ஒத்துக்கிடுதேன். அதுக்காக அந்தத் திரிக்கு வீட்டுல உள்ள பேயும் கடனும் ஓடிரும்னு ஒருத்தன் கூரியர்ல எலை அனுப்புதான். உன் கடன் ஓடல, உன் காசு ஓடுச்சு.

நேத்து வரைக்கும் களைன்னு மிதிச்ச. இன்னைக்குச் சஞ்சீவின்னு தூக்கி வைக்க. நடுவுல நிக்கவே தெரியாதாலே உங்களுக்கு?

பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறுன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. நல்லாக் கேட்டுக்கோ, இதுல மட்டும் நையாண்டி இல்ல. பாம்பு கடிச்சா தும்பையைத் தேடி வரப்புல ஓடாத, ஆஸ்பத்திரிக்கு ஓடு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்து ஒரே விசமுறிவு மருந்து ஊசியில இருக்கு. அந்த மருந்து செய்ய விசம் எடுத்துக் குடுக்குறது யாரு தெரியுமா? மகாபலிபுரத்துக்குப் போற வழியில, வடநெம்மேலியில உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல ஆரம்பிச்சது. காட்டு மூலிகை அத்தனையும் அத்துபடியான சனம் அது. அவங்களே விசத்தை எடுத்து ஊசி மருந்துக்குக் குடுக்காங்க. நீ கான்கிரீட்டுக்குள்ள பொறந்துட்டு எலைச் சாறு பிழியப் போறியா?

இன்னொண்ணு. தும்பைன்னு முடியுற பேரெல்லாம் தும்பை ஆகாது. காசித்தும்பை இருக்கே, பூந்தொட்டியில செவப்பும் ரோசுமாப் பூக்கும், காயைத் தொட்டா வெடிக்கும். அது வேற குடும்பம். கவிழ்தும்பைன்னு ஒண்ணு, வெளிர்நீலப் பூ தலை கவுந்து தொங்கும். அதுவும் வேற குடும்பம்; ஈரலைக் கெடுக்குற சரக்கு உள்ள கூட்டம். அதைத் துவையல் அரைச்சுறாத. சதுரத் தண்டு, கணுவச் சுத்தி உருண்டை, அதுல வெள்ளைப் பூ. மூணும் சேந்து இருந்தாத்தான் நம்ம தும்பை. ஆனாலும் போன்ல படம் பாத்துப் பறிக்காத. தெரிஞ்ச ஒரு கெழவியைக் கூட்டிட்டுப் போ. அவளுக்கு ஒரு வெத்தலை பாக்கு வாங்கிக் குடு. வகுப்புக்குக் கட்டணம் அம்புட்டுதான், சான்றிதழ் கேக்காத.

அளவையும் சொல்லிருதேன். வாரத்துக்கு ஒரு நாள், கெடைக்கிற காலத்துல, ஒரு கைப்பிடி. நல்லதுன்னு கேள்விப்பட்டதும் தெனமும் வெறும் வயித்துல சாறு பிழிஞ்சு குடிச்சு, மூணாம் நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட வராத. பிள்ளைத்தாச்சியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டுல வைத்தியரைக் கேக்காம எதையும் குடுக்காத. காய்ச்சல் விடலைன்னா டாக்டரைப் பாரு. தும்பை கோவிச்சுக்கிடாது.

என் தீர்ப்பு இதுதான் பேராண்டி. தும்பை களையும் இல்ல, சஞ்சீவியும் இல்ல. அது மழைக்காலத்துக் கீரை, கொஞ்சம் கசக்கும், நல்லா மணக்கும், காசு கேக்காது. ஐப்பசியில ஊருக்கு வா. பறிக்கும்போது வேரோட பிடுங்காத, நுனியைக் கிள்ளு. பாதிச் செடியைத் தொடாம விடு. தேனீக்கும் பசிக்கும், அடுத்த வருசத்துக்கு வெதையும் வேணும்.